அரைப்புள்ளி

பள்ளத்தூர். இன்றைக்கு மூன்றாவது மின்வெட்டு.
இன்வெர்ட்டர் முனகுகிறது, கணினி அணையவில்லை.
நாற்பத்தொரு நிமிடம் தாங்குகிறது
என்று காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

கடிகாரம் நாலு நொடி பிந்தினால்
என் சாட்சி எடுபடாது.
ஒரே சாவியை இரண்டு கணினியில் ஓடவிட்டால்
இரட்டைக் கையெழுத்து;
முதலில் கைவைப்பார்கள்,
பிறகு வெளியே தள்ளுவார்கள்.
வட்டிக்கடை வீட்டில் பிறந்தவளுக்கு
முதல் என்றால் என்னவென்று தெரியும்.

இருபத்துநாலு சொற்கள்.
பென்சிலால் எழுதி, எவர்சில்வர் சம்படத்தில்
பெருங்காயக் கட்டியோடு வைத்திருக்கிறேன்.
ஒன்பதாவது சொல்லை மட்டும் எங்கும் எழுதவில்லை.
குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

கொழுந்தன் தேனப்பன் கேட்டார்:
"தோட்டை வித்த காசு இப்ப யாரு கையில இருக்கு?"
யார் கையிலும் இல்லை என்றேன்.
அது அவருக்குப் பதிலாகப் படவில்லை.
முதல் மாதம் எனக்கும்தான் படவில்லை.

அவுக போனதிலிருந்து
கோயில் கணக்கில் நான் அரைப்புள்ளி.
பாதி வரிதான், சௌகரியம்தான்,
பேரேட்டில் அந்த அரையைப் பார்க்காதவரை.
இங்கே அரை கிடையாது.
முப்பத்திரண்டு இருந்தால் உள்ளே;
முப்பத்தொன்றே முக்கால் என்றால்
போய் வா என்கிறது.

நேற்றிரவு பூட்டிவிட்டேன்.
முன்னால் ஆயிரத்து எண்ணூறு பேர் வரிசையில்.
ஒருவர் முகமும் தெரியாது, யார் வீட்டுப் பெண்
என்று யாரும் கேட்கவில்லை.
பதினொரு நாள் ஆகும் என்கிறது திரை.

கரண்ட் வந்தது.
அணைக்க மறந்த மிக்ஸியில்
பாதியில் நின்ற சட்னி
தானாகச் சுற்றுகிறது.
ஓடிப்போய்ப் பார்த்தது
கடிகாரத்தைத்தான்.