பொறி எண் பதினேழு

வியாழன்தோறும் ஏணி வைத்து ஏறுகிறேன்.
சீனக்குடா மா ஆலை, நான்காம் மாடி,
கூரை வளைக்குக் கீழே முக்கோணமாய் ஓர் அட்டைக்கூடு.
உள்ளே பசை. பசையின் நடுவில்
பயற்றம்விதை அளவு ரப்பர்.
அதில் பெண் அந்தின் வாசத்தை ஏற்றியிருக்கிறார்கள்.
ஒருநாள் மூக்கை வைத்துப் பார்த்தேன்.
ரப்பர்தான் மணத்தது.

ஆண்கள் வந்திருந்தார்கள், பதினொன்று.
சாம்பல் நிறம், அரிசி நீளம்,
மடித்த குடைபோல் ஒடுங்கிய செட்டை.
ஒன்று இன்னும் காலை இழுத்துக்கொண்டிருந்தது.
படிவத்தில் அரை உயிருக்குக் கட்டம் இல்லை.
பதினொன்று என்றே எழுதினேன்.

"இதுகள் சாப்பிடாது, தெரியுமா?" என்றேன்.
ஏணியைப் பிடித்திருந்த றிஸ்மி சிரித்தான்:
"அப்ப மாவையெல்லாம் திண்டது நானா?"

தின்றது முந்திய பிறவி.
முட்டையிலிருந்து நாலைந்து நாளில்
கபிலத் தலையோடு ஒரு நூல்துண்டு வரும்.
தின்னும். தின்ற வழியெல்லாம் பட்டு இழுக்கும்.
மா கட்டிபட்டுத் தொங்கும், சல்லடை அடைக்கும்,
போனில் தம்மிக்கவின் குரல் உயரும்.
பிறகு ஒருநாள்,
மா மலையாய்க் குவிந்து கிடக்க,
போதும் என்று இறங்கிவிடும்.
இரவிரவாய்ச் சுவரேறி நடக்கும்.
ஒரு வெடிப்புக் கண்டால் அதற்குள்
தன்னை வைத்துத் தைத்துக்கொள்ளும்.

அந்தப் போதும்தான் எனக்கு விளங்குவதில்லை.
மேலதிக நேரத்துக்கு
மாதம் தவறாமல் கையெழுத்து வைக்கிறவள் நான்.

வைகாசியில் ஆலைக்குப் புகை போட்டோம்.
மூன்று வியாழன், பதினேழாம் பொறியில்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
அந்தச் சொல்லுக்குள் மட்டும் ஒரு பூச்சி மிச்சம்.
தம்மிக்க எல்லோருக்கும் பற்றிஸ் வாங்கித் தந்தார்.

அன்றிரவு உவர்மலையில், என் அறையில்,
ரொட்டிக்கு மா எடுக்கத் தகரத்தைத் திறந்தால்
மூடியின் அடியில் பட்டு.
சாப்பாட்டுப் பையின் சிப் ஓரம்
வெறுங்கூடு ஒன்று, வாய் பிளந்து.
ஆலையிலிருந்து நான்தான் சுமந்து வந்திருக்கிறேன்,
பஸ் கட்டணம் இல்லாமல்.

பிளக்குக்கு மேலே சுவரில் அவள் இருந்தாள்.
வால் நுனியைச் செட்டைகளுக்கிடையே உயர்த்தி,
அசையாமல்,
ரப்பர் இல்லாத அசல் அழைப்பு.
எனக்கு எதுவும் மணக்கவில்லை.

ஜன்னலை அகலத் திறந்தேன்.
துறைமுகத்துக்கு அப்பால் ஆலையின் விளக்குகள்,
கோதுமைக் கப்பல் ஒன்றின் விளக்குகள்.
அங்கிருந்து யார் வரப்போகிறார்கள்?
கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது.

மாவை இரண்டு தரம் அரித்தேன்.
இரண்டு ரொட்டிக்குக் கிடைத்தது.
தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்,
அவள் இன்னும் வாலைத் தாழ்த்தவில்லை.