மூக்கில்லாத பாப்பா

மூக்கு கரைந்துபோயிருக்கிறது,
அதனால் பாதி விலை என்கிறார்
ஒஹாயோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வெர்னன் ஷூப்.

பக்கத்தில் ஒரு தகரத் தவளை.
அமுக்கினால் 'டக்'.
இன்னும் கட்சி மாறவில்லை அது.

சின்னச் சவப்பெட்டி போலொரு அட்டை டப்பா,
பஞ்சின் மேல் கைக்குழந்தை,
தலைமுதல் கால்வரை சோப்பு.
கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் சீட்டு:
"எங்கப்பா ஓட்டு ஹென்ஷாவுக்கே."

ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்
வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கையில் திணித்துப் போனது.
விளையாடத்தான்,
தேய்த்துக் குளிக்க அல்ல.

ஹென்ஷா தோற்றார்.
எத்தனை வாக்கில் என்பது வரை வெர்னனுக்கு அத்துப்படி.
எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால்
தோளைக் குலுக்குகிறார்.

சீட்டைத் திருப்பினேன்.
பென்சில். கோணல் எழுத்து.
"எனக்கு அப்பா இல்லை.
அம்மாவுக்கு ஓட்டு இல்லை.
கையெல்லாம் கரி.
— ஆர்லெட்டா"

மோந்து பார்த்தேன்.
எத்தனையோ தேர்தல் கடந்தும்
லேசாக, மிக லேசாக, லாவெண்டர்.

பேரம் பேசவில்லை.
அவர் சொன்ன பாதி விலைக்கு மேல்
ஐந்து டாலர் வைத்தேன்,
மூக்குக்கு.