பதினோராம் வளைவு

டெரிக் ரொசாரியோ பெர்த்துக்குக் கப்பலேறினான்,
கிடாரோடும்
எனக்குத் தரவேண்டிய அறுபது ரூபாயோடும்.
அவன் இடத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை குணசீலன்:
மண்டிக்கணக்கு முடித்துத்தான் வருவான்,
தந்தியெல்லாம் மஞ்சள் வாசம்.

பாடிக்கொண்டிருந்த நோயலை நீக்கினோம்.
முதலில் சொன்னது யார் என்று
இன்றும் தகராறு.
நான்தான்.

ஏற்காடு கிளப்பில் கிறிஸ்துமஸ் ஆட்டம்.
பதினோராம் கொண்டை ஊசியில்
வேன் கொதித்து நிற்க,
டிரம்ஸ் வாசிக்கும் சாலமன் இறங்கி
கீழே போன காப்பி லாரியில் ஏறிக்கொண்டான்.
காரணம் கேட்க
லாரி நிற்கவில்லை.

அன்றிரவு குச்சிகளை எடுத்தது
வேன் ஓட்டிய மாதேசு.
தாளம் பிரேக் இல்லாமல் இறங்கியது.
ஆடியவர்களுக்கு அதுதான் பிடித்தது.

அந்தப் படத்தைத்தான் இப்போது
ஒரிஜினல் செட் என்கிறார்கள்.
நடுவில் சிரிப்பவன் மாதேசு,
விரலில்
வேன் சாவி.