அளந்து போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அரசு போடுகிறது.
அளப்பது என் வேலை.

மக்தலேனா ஆறு, புவெர்த்தோ அல்மெந்த்ரோ வளைவு,
எழுபத்தோராம் மிதவையிலிருந்து எழுபத்தொன்பது வரை.
ஒப்பந்த ஆழம் ஏழு அடி.
ஏழு இருந்தால் எண்ணெய்த் தெப்பங்கள் ஆறை ஒன்றாகக் கட்டி
இழுவைப் படகு ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டே
கடல்வரை போய்விடும்.
ஆறேகால் என்றால் தரைதட்டும்.
அந்த முக்கால் அடிக்காகத் தலைநகரில்
ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள்,
சாயங்காலம் கை உயர்த்தினார்கள்.
நிதி ஒதுக்கிய தாளில் பார்த்தேன்,
ஆறு ஒரு நேர்கோடு.

படகின் வயிற்றில் ஒரு பெட்டி இருக்கிறது.
அது போடும் சத்தம் நமக்குக் கேட்காது.
கீழே போய் மண்ணைத் தொட்டுத் திரும்பும்,
திரும்ப எத்தனை நேரமோ அத்தனை ஆழம்.
தூர் வாருமுன் ஒரு தடவை,
வாரியபின் ஒரு தடவை.
நடுவில் காணாமல் போன மண்ணுக்குக்
கன மீட்டர் கணக்கில் பணம்.

மார்ச் இருபது: ஐந்தேகால்.
ஏப்ரல் ஒன்பது: ஏழரை.
பில் பாஸாகிவிட்டது.
ஒப்பந்தக்காரர் கலிந்தோ
படகுத்துறையில் எல்லோருக்கும் பொரித்த மீன் வாங்கித் தந்தார்,
மீன் வேறு ஆற்று மீன்.
இந்த ஆற்று மீனைக் கேட்டு எவுஸ்தோர்ஹியோ கொடுத்த மனு
என் அறிக்கையோடு ஒரே குண்டூசியில் கிடக்கிறது,
கலங்கலில் போகாச்சிக்கோ வழி தவறுகிறதாம்.

மாசக் கடைசியில் மலைகளில் மழை.
மே பன்னிரண்டில் யாரும் கேட்காமலே போய் அளந்தேன்.
ஐந்தரை.
அதை எழுதப் படிவம் இல்லை.

அள்ளிய மண்ணைச் சொல்லவில்லையே.
மூன்று வாரம், ராத்திரியும் பகலும்,
ஒரு ஆள் குனியாமல் நுழையக்கூடிய குழாய்
மேற்கே ஓரிடத்தில் அதைக் கக்கிக்கொண்டிருந்தது.
மேடாயிற்று.
முதலில் கொக்குகள் வந்தன,
அப்புறம் எடில்சா வந்தாள்,
ஒரு கடப்பாரையும் நீல நிறத் தார்ப்பாயுமாக.

போன தடவை ஆழப்படுத்தியபோது
அவள் வீட்டின் பின்சுவர்
கரையோடு சேர்ந்து இறங்கிப் போயிருக்கிறது.
ஆகவே திட்டு வாங்கத் தயாராகத்தான் இறங்கினேன்.
எழுபத்திரண்டு குழி, எழுபத்திரண்டிலும் தர்ப்பூசணிக் கொடி.
கையை உதறிவிட்டு அவள் கேட்டது:
அடுத்த வருஷமும் நிதி வருமா?
வந்தால் குழாயைக் கொஞ்சம் இப்படித் திருப்பச் சொல்லுங்கள்,
இந்த முனையில் இன்னும் நாற்பது அடி வேண்டும்.

மேசையில் இருக்கும் பெரிய மனிதர் எவரும்
இத்தனை தெளிவாக ஒரு கோரிக்கை வைத்ததில்லை.

ஜூலை அளவையில் அவள் திட்டு
கப்பல் வழிக்குள் பதினோரு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.
படிவத்தில் 'தடைகள்' என்று ஒரு கட்டம் உண்டு.
நிரப்பினால் அகற்ற வருவார்கள்,
அதற்கும் தனி ஒதுக்கீடு,
அதற்கும் முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை.
படகோட்டி வில்பெர்தோ இன்ஜினைத் தணித்துவிட்டு
என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.
எடில்சா அவன் மனைவியின் தங்கை என்பதை
எனக்கு யாரும் சொன்னதில்லை,
எனக்குத் தெரியும்.

தற்காலிக மணல், என்று எழுதினேன்.
பொய்யில்லை.
அந்த ஆற்றைப் பற்றி அதைவிட உண்மையாக
எதுவும் எழுதியதில்லை நான்.

திரும்பும்போது அவள் பன்னிரண்டு பழம் ஏற்றிவிட்டாள்,
வேண்டாம் என்று நான் சொல்லிமுடிக்கு முன்னே.
பாரத்தில் படகு இரண்டு விரல் தாழ்ந்தது.
பெட்டியும் கூடவே தாழும்,
ஆழம் அத்தனை குறைத்துக் காட்டும்.
மீதி ஐந்து மிதவைகளுக்கும்
அந்த இரண்டு விரலைக் கூட்டியே எழுதினேன்.