மூலம்: தமிழ்

லீட்ஸில் இரவு ஷிப்ட் முடிந்து
பேருந்தில் ஏறினால் மாவு வாசனையும் கூடவே ஏறும்.
மாடியில், முன்சீட்டில்,
கண்ணாடியின் ஆவியை முழங்கையால் துடைத்துவிட்டு
ஒரு நாளைக்கு ஐந்து சொல்.
அர்த்தம் இடப்பக்கம்,
பிறந்த ஊர் வலப்பக்கம்.

மசில் என்றால் லத்தீனில் சுண்டெலி.
மூட்டையைத் தூக்கும்போது
யாத்விகாவின் சட்டைக் கைக்குள் அது ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.
டிசாஸ்டர், கெட்ட நட்சத்திரம்.
இதற்கு லத்தீன் எதற்கு, எங்கள் ஊர் ஜோசியரே போதும்.
லார்டு என்பவன் ஆதியில்
ரொட்டிக்குக் காவல் இருந்தவன்.
அதைப் படித்த அன்று
கருகியதை எண்ணும் சூப்பர்வைசர் கிரெய்க்குக்கு
நாங்கள் இருவரும் குனிந்து வணக்கம் வைத்தோம்.
அவருக்குப் புரியவில்லை.
பெல்ட்டில் ரொட்டி வந்துகொண்டே இருந்தது.

கம்பேனியன்: கூட இருந்து ரொட்டி தின்பவர்.
இந்த அட்டையை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.
வீட்டில் உமையாளும் நானும்.
வாடகை ஒன்று, வைஃபை ஒன்று,
சட்டி மட்டும் இரண்டு.
வந்த அன்று எந்த ஊர் என்றாள், சொன்னேன்.
ஊரில் எந்தப் பக்கம் என்றாள்,
அதையும் சொன்னேன்.
மறுநாள் அவள் தட்டுகள் மேல் அலமாரிக்குப் போயிருந்தன.
கெட்டவள் என்று சொல்ல முடியாது.
எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்து
கதவுக்கு வெளியே வைத்தாள்.

நவம்பரில், யாரோ விட்டுப்போன இலவச நாளிதழில்
ஏதோ ஒரு நாட்டை ஒரு வார்த்தையால் திட்டியிருந்தார்கள்.
பரையா.
அகராதியைத் திறந்தேன்.
அர்த்தம்: யாரும் சேர்த்துக்கொள்ளாதவர்.
மூலம் கிரேக்கமாக இருக்கும் என்று
விரலை வலப்பக்கம் நகர்த்தினேன்.

தமிழ்.

இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
அதற்கடுத்ததும்.

உன் மொழியா, என்று யாத்விகா கட்டிக்கொண்டாள்,
ஏதோ எனக்குப் பரிசு விழுந்ததுபோல.
பிறகு என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்தாள்.
அது ஒரு தோற்கருவியிலிருந்து வந்த பெயர், யாத்விகா.
வைக்கோல் தீயில் காட்டிக் காட்டி
என் அண்ணன் அதை விறைக்க வைப்பான்.
விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்பான்.
கப்பலேற்றியவர்கள் தோலை எடுக்கவில்லை,
குச்சியை எடுக்கவில்லை,
றகரத்தை நடுக்கடலில் தேய்த்து ரகரமாக்கிவிட்டு
தள்ளிவைத்ததை மட்டும்
நனையாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.
மூட்டையை அவர்களுக்குக் கட்டிக்கொடுத்தது யார் என்று
அகராதி சொல்லவில்லை.
அதற்கு அகராதி எதற்கு?

கிரெய்க் வந்துவிட்டார்.
தட்டுகளை அடுக்கினோம்.
காலித் தட்டில் என் விரல்கள் தாமாக ஏதோ தட்டின,
யாத்விகாவின் கால் அதற்கு ஆடியது,
அவ்வளவுதான், அடுப்பு மணி அடித்துவிட்டது.

புது அட்டை எழுதினேன்,
பெரிய எழுத்தில், பெரிய றகரம் போட்டு.
முதற்பொருள்: பறை.
மூலம்: தமிழ்.
உமையாளின் கண்மட்டத்தில் ஒட்டினேன்.

காலையில் பால் எடுக்க வந்தாள்.
நின்றாள்.
கதவைத் திறந்தாள், மூடினாள்.
பாலை எடுக்க மறந்திருந்தாள்.
திரும்பவும் அந்தக் கதவுக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும்.

டோஸ்டரில் இரண்டு துண்டு குதித்தது.
கம்பேனியன் அட்டை அதற்குப் பக்கத்தில்தான்.
இரண்டையும் நானே தின்றேன்.