நாற்பது சென்டிமீட்டர்

கோதுமை அறுத்த மறுநாள்
ஐந்து பேர் வரிசையாய் நடக்கிறோம்,
மக்டெபர்க்குக்கு மேற்கே ஒரு கரிசல் வயலில்.
ஆளுக்கு மூன்று மீட்டர் இடைவெளி.
அரிதாள் கணுக்காலைக் குத்துகிறது.

துளை கண்டால் குச்சியை இறக்கவேண்டும்.
பத்து சென்டிமீட்டரில் முட்டினால் சுண்டெலி,
போகலாம்.
நாற்பதைத் தாண்டி
செங்குத்தாய் இறங்கிக்கொண்டே போனால்
நின்று, கைதூக்கி, சிவப்புக் கொடி நட்டு
எண் எழுதவேண்டும். வெள்ளெலி வளை.

மதியம்வரை ஒன்றுமில்லை.
பாதையோரம் காரில் சாய்ந்து நிற்கிறார்
நிலத்தை விற்ற ஒட்டோகர் பிரேமே.
"ஒரு எலிக்காகவா?" என்கிறார். பிறகு
யாரும் கேட்காமலே,
"நான் விற்காவிட்டால் வங்கி விற்றிருக்கும்."
குனிந்து ஒரு கட்டி மண்ணெடுத்து
உள்ளங்கையில் பொடிக்கிறார்.
எங்கே போடுவதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

வரைபடத்தில் இந்த இடத்தின் பெயர்
'மூன்றாம் கட்டடம், வாகன நிறுத்தம்'.
நூற்று அறுபது வீடுகள்.
விண்ணப்பித்தவர் பட்டியலில்
எண்பத்து நான்காவது நான்.
இரண்டு அறை, ஒரு குழந்தை.
இப்போதிருக்கும் வீட்டில் சுவர் வியர்க்கிறது.

மூன்றரை மணி.
பக்கத்து வரிசையில் பிர்ட்டெ
அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறாள்.
என் காலடியில் ஒரு வட்டம்,
மகனின் கைமுட்டி நுழையும் அளவு,
விளிம்பில் சிந்திய பதர்.
இறக்கினேன்.
இருபது.
முப்பது.
முட்டு, முட்டு என்றது மனது.
நாற்பத்தாறு.

யாரும் பார்க்கவில்லை.
கீழே இருட்டில்
கறுத்த வயிற்றோடு ஒருத்தி
கன்னம் இரண்டும் புடைக்கத் தானியம் சுமந்துவந்து
கொட்டிக்கொண்டிருக்கலாம்.
காலால் தள்ளினால் மண் மூடிவிடும்.

கை தூக்கினேன்.

அதன்பின் பதினொரு கொடிகள்.

நகரசபையில் பொறியாளர் சொன்னார்:
பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் கட்டலாம்,
எதுவும் முளைக்காத காங்கிரீட் தரை.
பெயர்த்தெடுக்கச் செலவாகும்.
பதினெட்டு மாதம் தள்ளிப்போகும்.
ஒவ்வொரு கையாய் உயர்ந்தது,
சில தோளுக்கு மேல் போகவில்லை.
எண்ணியவர் இரண்டு முறை எண்ணினார்.

பதினெட்டு மாதத்தில்
இரண்டு குளிர்காலம் இருக்கிறது.
அவள் வாசலை மண்ணால் அடைத்துவிட்டு
உறங்கப் போயிருப்பாள்.
மகன் தூக்கத்தில் இருமினான்.
நான் எழுந்து கட்டிலைச்
சுவரிலிருந்து ஒரு முழம்
தள்ளிப் போட்டேன்.