இருபத்தாறு கிராம் சொச்சம்

மழை விட்ட பிறகுதான் வந்தான்.
செட்டியார் தெருவில் அந்நேரம்
பாதிக் கதவு போட்டிருப்போம்.
முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
கொம்பனித்தெருவில் நாற்பது மாடிக்கு
அடித்தளம் கிண்டுகிறார்களே, அந்தச் சேறு.
கறுப்பு. பேர வாவியின் மணம்.

கண்ணாடிமேல் வைத்தான்.
வட்டமில்லை,
குழந்தை கடித்து வைத்த பிஸ்கட்போல
ஒரு வெள்ளி.
ஒரு பக்கம் சிலுவை.
சிலுவையின் மூலைகளில்
கோட்டை, சிங்கம்,
சிங்கம், கோட்டை.

"சிங்கம் இருக்கே, நம்ம நாட்டுக் காசுதானே?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.
உரைகல்லில் இழுத்தேன். நல்ல வெள்ளி.
பூதக்கண்ணாடிக்குள், தேய்ந்த விளிம்போரம்
கொடிக்கம்பம்போல ஒற்றை எழுத்து நின்றது:
பொத்தோசியின் முதலெழுத்து.
பதினாறு வருடத்தில்
இந்த எழுத்தை மூன்றாம் தரம் பார்க்கிறேன்.

பெருவுக்கு மேலே
மரம் முளைக்காத உயரத்தில் ஒரு மலை.
ஊருக்கு ஏழில் ஒருவன் என்று
பேர் எழுதி, அதற்குள் இறக்கினார்கள்.
மெழுகுவர்த்தியும் கொக்கோ இலையும்
அவரவர் செலவு.

அதற்கும் முன்னே, ஊர் கட்ட வந்தவர்கள்
இப்படித்தான் தொடங்கினார்களாம்:
வெளியில் ஒரு மரத்தூண் நடுவது.
வாளை உருவிப் புல்லை வெட்டுவது.
மறுப்பவர் யாரும் உண்டா என்று
ஸ்பானிய மொழியில் உரக்கக் கேட்பது.
புல் ஒன்றும் சொல்லாது.
தொலைவில் நின்று பார்த்தவர்களுக்கோ
கேள்வியே விளங்காது.
எழுத்தன் எழுதிக்கொள்வான்:
மறுப்பில்லை.

பிறகு நூல் பிடித்துச் சதுரம்,
நடுவே முற்றம், அருகே கோயில், சிறை.
ஆற்று முகத்தில் கட்டிய ஒரு ஊரில்
முதலில் குதிரைகளைத் தின்றார்கள்,
அடுத்துச் செருப்புத் தோலை,
அதன்பிறகு நடந்ததை
எழுத்தனும் சுருக்கமாகவே எழுதினான்.

அந்த மலைக்கும் இந்தத் துறைக்கும்
அறுபது வருடம் ஒரே ராசா.
கோட்டையில் பறங்கி இருந்தான்,
பறங்கியின் தலைக்குமேல் ஸ்பானிய முடி இருந்தது.
முடி தரித்த எவனும்
மலையையும் பார்க்கவில்லை, துறையையும் பார்க்கவில்லை.
கறுவா ஏற்ற வந்த எவனோ ஒருவன்
வாவிக்கரையில் சூதாடி
இதைத் தோற்றிருப்பான்.

இவை ஒன்றையும் நான் அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏறும்.

"எந்த ஊர்?"
"பொகவந்தலாவை. பேரு லோகேஸ்."
கேட்காமலே மேலும் சொன்னான்:
"கிண்டையில எது கெடச்சாலும் கொம்பனிக்குன்னு
கடதாசில கையெழுத்து வாங்கியிருக்காங்களாம்.
சிங்களத்துல இருந்துச்சு.
போட்டுட்டேன். பின்னாடி
இருவது பேர் வரிசையில நின்னாங்க."

தராசு இருபத்தாறு காட்டியது, சொச்சமும்.
ஏழாயிரம் என்றேன்.
பேரம் பேசுவான் என்று
எட்டாயிரத்துக்கு மனம் தயாராக இருந்தது.
தலையை ஆட்டினான்.

பேரேட்டில் எழுதினேன்:
பழைய வெள்ளி, உடைந்தது.
கையெழுத்துக்குக் காட்டிய இடத்தில்
வாசிக்காமலே போட்டான்.
தமிழில்தான் இருந்தது.

போகும்போது திரும்பி வந்து
"மகளுக்குக் காட்ட ஒரு படம் எடுக்கட்டா?"
கீறல் விழுந்த போனைச் சாய்த்துப் பிடித்து
சிங்கத்தை மட்டும் எடுத்தான்.
வாசலில் இறால் வடைக்காரன் நின்றான்.
இரண்டு வாங்கினான்.
மிளகாய் கடிபட்டிருக்க வேண்டும்,
ஸ் ஸ் என்றபடியே பஸ்ஸுக்கு ஓடினான்.
அந்த மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான்.
அதையும் சொல்லவில்லை.

கதவை முழுக்கப் போட்டேன்.
உருக்கினால் ஒரு சோடிக் கொலுசு வரும்.
உருக்காமல் வைத்தால்
லண்டன்காரர் ஒருவர் வருவார், தை மாதத்தில்.

தராசைத் துடைக்கப் போனால்
தட்டில் கொஞ்சம் கறுப்புச் சேறு.
அதையும் சேர்த்துத்தான் நிறுத்திருக்கிறேன்.
சொச்சம் அதுதான்.
காசு கொடுக்கும்போது
நான் கழித்துவிட்டதும் அதைத்தான்.